மலரக்கா சைக்கிளோடு நடந்த கதை

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. என்னிடம் கேட்டது கதையே அல்ல. டென்மார்க்கில் எங்கள் ரண்டர்ஸ் நகரத் தமிழர் ஒன்றுகூடலில் வெளியிடுகிற ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: 'ஆபிரிக்கக் கிராமத்துக்கு எம்மவர் கரம்'. இரண்டு பக்கம், ஒரு படம். படத்தில் எல்லோரும் சிரிக்கவேண்டும்.

எம்மவர் என்றால் கிருபாமலர் அக்கா. ஐம்பத்தெட்டு வயது, முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமைகளில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய களஞ்சியத்தில் இருப்பார். டெனிஷ்காரர் கைவிட்ட சைக்கிள்களை அங்கே சேர்த்து, திருத்தி, கன்டெய்னரில் அடுக்கி, கம்பியாவில் ஒரு கிராமத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஊர்ச்சனம் சேர்ந்து ஒரு சைக்கிள் கடை நடத்துகிறது. அதற்குப் பொறுப்பு ஃபத்துமத்தா என்ற பெண். (கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நான் போய்வந்தவன் மாதிரி இருக்கும்.)

நானும் சனிக்கிழமைகளில் போவேன். பெடல் கழற்றுவது என் வேலை. கழற்றினால்தான் நெருக்கி அடுக்கலாம். மலரக்காவின் வேலை அதைவிடப் பெரியது. நெளிந்த சில்லை நேராக்குவார்.

பேனையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்: "அக்கா, ஒக்டோபரிலை நீங்களே அங்கை போறீங்களாம். பொம்பிளையளுக்குச் சைக்கிள் பழக்கவாம். கட்டுரைக்கு இரண்டு வசனம் சொல்லுங்கோ."

மலரக்கா சில்லைச் சுற்றிவிட்டார். அது ஓய்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது."

கட்டுரை அந்த இடத்திலேயே செத்துப்போனது. கையில் மிஞ்சியது இதுதான்.

இதை நான் எழுத அக்கா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு பக்கத்தையும் அவர் வாசிப்பார். ஓரத்தில் அவர் எழுதுவதை நான் அழிக்கக்கூடாது. ஆகவே நட்சத்திரம் போட்ட இடங்களில் கதைப்பது நான் அல்ல.

2

முதல் தொடக்கம்:

செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, உச்சிவெயிலில், மாமரங்களின் நடுவே, வெள்ளைப் பல் தெரியச் சிரித்தபடி சிறுவர்கள் —*

* புழுதி எண்டு உமக்கு ஆர் சொன்னது? நான் அவையோட ஒவ்வொரு கிழமையும் வீடியோவிலை கதைக்கிறனான். போன கிழமை ஒரே மழை. ஃபத்துமத்தா குடையோட நிண்டவள். அதோட, அங்கத்தைப் பிள்ளையளை ஏன் எந்த நேரமும் சிரிக்க வைக்கிறியள்? அதுகளும் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிலத்திலை உருண்டு அழுகிற பிள்ளையள்தான்.

இரண்டாம் தொடக்கம்:

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம். ஊரே சைக்கிளில் ஓடியது. ஹெலிகொப்டரின் சத்தம் கேட்ட அந்த மாலையில், மலரின் கையிலிருந்து அண்ணனின் சைக்கிள் நழுவி —*

 * என்ரை அண்ணை ரொறன்ரோவிலை சுகமா இருக்கிறார், அவரை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறீர்? நான் பழகாததுக்குக் காரணம் பயம். விழுவன் எண்ட பயம். வேறை ஒண்டும் இல்லை. எங்கடை சனம் ஒரு கோப்பையை உடைச்சாலும் நீங்கள் எழுதுற ஆக்கள் அதைச் சண்டையிலை கொண்டுபோய்த்தான் முடிப்பியள்.

ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வசனத்துக்கு ஒரு முழு மாலைநேரம் போனது. 'அண்ணனின் சைக்கிள்' என்று எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. இப்போது அண்ணை ரொறன்ரோவில் சுகமாக இருக்கிறார். கலங்கிய கண்ணை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

3

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

டென்மார்க்கில் முப்பது வருசம் ஒருவர் சைக்கிள் ஓடாமல் இருந்துவிடலாம். அதை ஒருவரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். மலரக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சைக்கிள் ஒன்று வாங்கினார். சிவப்பு நிறம், முன்னால் கூடை, பின்னால் நல்ல கரியர். எங்கே போனாலும் அதைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு நடந்தார். கூடையில் மரக்கறி, கரியரில் அரிசி மூட்டை, தலையில் ஹெல்மெட்.

"நடக்கிற மனிசிக்கு என்னத்துக்கு மலர் ஹெல்மெட்?" என்று அவருடைய கணவர் ஜீவரட்ணம் அண்ணை ஆரம்பத்தில் கேட்டாராம்.

"ஹெல்மெட் இல்லாட்டி உருட்டிக்கொண்டு போறாள் எண்டு நினைப்பினம். போட்டிருந்தா, இப்பத்தான் இறங்கினவள் எண்டு நினைப்பினம்."

அப்படியேதான் நினைத்தார்கள். காற்றடிக்கிற நாளில் புத்திசாலி, இறங்கி நடக்கிறாள். வெயில் நாளில் பாவம், வெயிலை ரசிக்கிறாள். டெனிஷ்காரர் தங்களுக்குள்ளேயே முடிவு கட்டிக்கொண்டார்கள். கேட்கமாட்டார்கள். ஒருவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று இங்கே கேட்பது, மூச்சுவிடத் தெரியுமா என்று கேட்பது மாதிரி. எங்கடை சனமும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெட்டை சைக்கிள் ஓடாமல் ரியூசனுக்கு எப்படிப் போயிருப்பாள்? (தகப்பனின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு போனாராம்.)

இரண்டு தேசத்தின் நம்பிக்கைக்கு நடுவே மலரக்கா முப்பது வருசம் நிம்மதியாக நடந்தார்.

4

பிறகு இந்த வருசம் வசந்தகாலத்தில் களஞ்சியத்தில் ஒரு கூட்டம் நடந்தது. களஞ்சியத்துக்குத் தலைவி யூட்டே. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், ஆறடி உயரம். கோப்பியும் கேக்கும் பரிமாறிய பிறகு எழும்பி நின்று விஷயத்தைச் சொன்னார். கம்பியாவில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு வகுப்புக் கேட்கிறார்கள். ஊர் ஆண்கள் பழக்கத் தொடங்குகிறார்களாம். கால்மணித்தியாலத்தில் தாங்களே ஏறிக்கொண்டு எங்கேயோ ஓடிப்போய்விடுகிறார்களாம். ஆறு கிழமைக்கு ஒரு பெண் வேண்டும். யார் போகிறீர்கள்?

இப்படியான கேள்விக்கு டெனிஷ்காரர் பதில் சொல்லும் முறை கோப்பைக்குள் பார்ப்பது. அதில் யாருக்கும் கூச்சமில்லை. யூட்டேக்கும் இல்லை, இன்னொரு பத்து நிமிடம் பேசாமல் இருந்திருந்தாலும் அவர் ஆறுதலாக இன்னொரு துண்டு கேக் வெட்டியிருப்பார். மலரக்காவால்தான் தாங்கமுடியவில்லை. ஒரு மனிசி சபை நடுவிலே நின்று கேட்கிறாள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய முகம் என்னத்துக்கு ஆகும்? எங்கள் ஆட்களுக்கு உள்ள வருத்தம் இது. கேட்டவருக்கு வெட்கம் வருமுன்னே எங்களுக்கு வந்துவிடும்.

"நான் போறன்," என்றார் மலரக்கா.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் எதற்கு ஓம் சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது.

(இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஒரு பயந்த மனிசி வாய்தவறிச் சொன்னால் அடுத்த சனிக்கிழமையே போய் மாற்றிச் சொல்லமாட்டாளா? கோடைகாலம் முழுக்க எதற்காகப் பேசாமல் இருந்தாள்? வாசகர் நம்பமாட்டார் என்று பக்கத்தின் அடியில் எழுதி அவரிடமே கொடுத்தேன்.)*

* இந்த நாட்டுக்கு வந்த நாளிலை இருந்து எல்லாரும் எனக்குப் படிப்பிச்சவைதான் தம்பி. பாஷை படிப்பிச்சினம். குப்பை பிரிக்கப் படிப்பிச்சினம். முதுகு நோகாமல் கிழவியைக் கட்டிலிலை இருந்து தூக்கப் படிப்பிச்சினம். எல்லாத்துக்கும் நன்றி. இப்பத்தான் முதல்தரமா ஒருத்தி, நீ வந்து எங்களுக்குப் படிப்பி எண்டு கேக்கிறாள். ஃபத்துமத்தா என்னை ரீச்சர் எண்டுதான் கூப்பிடுறவள். அதை விட்டுக்குடுக்க எனக்கு மனம் வரேல்லை. வாசகர் நம்பாட்டி விடட்டும்.

வாசகரே, நீங்கள் எப்படியோ தெரியாது. நான் நம்பினேன்.

5

தப்புவதற்கு ஜீவரட்ணம் அண்ணையிடம் தயாராக யோசனைகள் இருந்தன. "முழங்கால் நோ எண்டு சொல்லும். டொக்டரிட்டை மெடிக்கல் துண்டு எடுப்பம். என்ரை முழங்காலைக் காட்டினாலே தருவார்."

"உங்கடை முழங்காலுக்கு என்ரை பேரிலை ஆர் துண்டு தாறது?"

செப்டம்பர் முதல் சனிக்கிழமை மலரக்கா நேரே யூட்டேயிடம் போய் உண்மையைச் சொன்னார். இதற்கு என்னிடம் ஓர் அருமையான முடிவு இருந்தது:

யூட்டே அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "மலர், எங்களில் ஒருவருக்கும் பழகிய ஞாபகமே இல்லை. பயம் தெரிந்த நீதான் அந்தப் பெண்களுக்கு ஏற்ற ஆசிரியை" என்றார். துறைமுகத்தில் ஒரு கப்பல் மெல்ல —*

 * யூட்டே அப்பிடிச் சொல்லேல்லை. கையையும் பிடிக்கேல்லை. "ஓகே" எண்டவ. பிறகு, கோப்பிக்குப் பால் விடட்டோ எண்டு கேட்டவ. குடிச்சு முடிஞ்சாப் பிறகு சொன்னவ: வாற வெள்ளி இல்லை, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ரிக்கற்றுக்குப் பேர் குடுக்கவேணும், அதுக்குள்ளை ஓடினா உன்ரை பேர், ஓடாட்டி களஞ்சியத்துக் கிறேத்தாவின்ரை பேர். அவ்வளவுதான். கப்பலும் இல்லை. எனக்கு அது நல்லாப் பிடிச்சுது தம்பி. என்னைப் பாவம் எண்டு நினைக்கேல்லை.

எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு முழுக் கதையைச் சுமந்துகொண்டு வந்து கடைசியில் 'ஓகே' என்பதில் இறக்கிவைப்பதா? ஆகவே இன்னொரு முடிவு எழுதிப் பார்த்தேன். குடெனோ ஆற்றங்கரை, மஞ்சள் இலைகள், மலரக்கா ஒரு பறவையைப் போல —

"பறவை வேண்டாம்," என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். "ஞாயிற்றுக்கிழமை வாரும். எழுத அல்ல. பிடிக்க."

6

இன்று ஞாயிறு. தமிழ் ஆராதனை முடிந்து, சேர்ச்சுக்குப் பின்னால் உள்ள கார் தரிப்பிடம் வெறுமையாகிவிட்டது. மலரக்கா, சிவப்புச் சைக்கிள், ஜீவரட்ணம் அண்ணை, நான். அண்ணையின் முழங்கால் உண்மையாகவே நோ. அதனால் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிற வேலை எனக்கு. எழுதுகிறவன் கதைக்குள் இறங்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். வேறு ஆள் இல்லை.

"இஞ்சருங்கோ, வீடியோ எடுக்காதேங்கோ!"

"ஆர் எடுக்கிறது? நான் நேரம் பாக்கிறன்."

"ஃபோனைத் தூக்கிப் பிடிச்சோ நேரம் பாக்கிறது?"

"வயசு போட்டுது மலர். கிட்டப் பிடிச்சா எழுத்துத் தெரியுதில்லை."

முதல்தரம் வேலிச் செடிக்குள் போனார். அடுத்த தரமும் அதே செடி. காற்சட்டையில் ஒட்டிய இலைகளைத் தட்டிக்கொண்டு திரும்ப ஏறினார்.

"தம்பி, சில்லைப் பாக்கவோ, முன்னுக்குப் பாக்கவோ?"

"முன்னுக்கு அக்கா."

"சில்லு ஆடுது."

"அது நீங்கள் நேராக்கின சில்லு. ஆடுறது நீங்கள்."

"வாயைக் குறையும். நான் விடு எண்டு சொல்லும்வரை விடக்கூடாது. சத்தியம் பண்ணும்."

"சத்தியம்."

மிதிக்கிறார். நான் ஓடுகிறேன். சைக்கிள் இடப்பக்கம் சரிகிறது, நிமிர்கிறது, வலப்பக்கம் சரிகிறது, நிமிர்கிறது. "கர்த்தரே, கர்த்தரே" என்று மிதிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டு போகிறார். ஜீவரட்ணம் அண்ணை நேரம் பார்ப்பதை மறந்துவிட்டு ஃபோனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

(இந்தப் பகுதியில் நட்சத்திரம் ஒன்றும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அவர் இதை வாசிக்கவில்லை. அவருடைய இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கின்றன.)

வெள்ளிக்கிழமை யாருடைய பெயர் கொடுக்கப்பட்டது என்பதை நான் எழுதமுடியாது. ஆண்டுமலர் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. நான் வலக்கைக்காரன். கரியரைப் பிடித்திருப்பது வலக்கை, விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். இந்த வரியை எழுதுவதும் வலக்கைதான். இரண்டில் ஒன்று பொய். எது என்று கண்டுபிடித்தாலும் தயவுசெய்து கத்தவேண்டாம்.

"தம்பி, பிடிச்சிருக்கிறீர்தானே?"

நான் வாய் திறந்தால், குரல் எங்கேயிருந்து வருகிறது என்பதை அவர் உடனே பிடித்துவிடுவார். ஆகவே பதிலை நீங்கள்தான் சொல்லவேண்டும். 'ஓம் அக்கா' என்றால் போதும். கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ. அவர் தரிப்பிடத்தின் மறுமுனைக்குப் போய்விட்டார்.