முன்னோருக்கு இரண்டாம் இலை

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் சிவகாமசுந்தரி நடத்திய சாப்பாட்டுக் கடையில் ஐந்தே பெஞ்சுகள். ஆனாலும் மத்தியானத்தில் அங்கே உட்கார இடம் கிடைப்பது பெரும்பாடு. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, புளி கரைத்த மீன் பிண்டாங் குழம்பு, காரம் ஏறும் சம்பால் எல்லாமே மலாக்கா செட்டிமார் வீட்டுச் சமையல். பழைய தமிழ் வணிகர் வழிவந்த அவர்கள் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. "நம்ம சாப்பாடும் இல்ல, மலாய்க்காரங்க சாப்பாடும் இல்ல" என்று நகைக்கடை சேதுராமன் போகிறபோக்கில் கேலி செய்வார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வாரத்தில் ஜாலான் பெண்டஹாரா தெரு வணிகர்கள் ஊருக்கு விருந்து வைத்தார்கள். துணிக்கடை நடராஜன் ஒற்றைக்காலில் நின்று அந்தச் சமையலை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். நூற்றிருபது பேர். சொதப்பினால் அவர் முகத்திலும் கரிதான்.

முஸ்லிம்கள் தயங்காமல் சாப்பிட வேண்டுமென்று மசாலைக் கடை ஹலீமா தன் வீட்டு அண்டாக்களையே கொண்டுவந்தாள்.

"பத்திரம் லா! எம்மவன் கல்யாணத்துக்கு வேணும்."

"பொண்ணு கிடைக்கட்டும் அக்கா, முதல்ல!" என்றாள் சிவகாமசுந்தரி, தனக்குத் தெரிந்த தமிழில்.

புது நாட்டின் முதல் விருந்து. அதில் முதல் இலை முன்னோருக்கு என்று அவள் முடிவு செய்திருந்தாள். படைக்கும் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அவர்கள் வீட்டு வழக்கப்படி, அதற்கு உப்பிடுவது மூத்தவர் கை மட்டுமே.

உள்ளறையில் இலை போட்டு, சாம்பிராணி காட்டி, முன்னோர் உண்டு முடிப்பதாக எண்ணிப் புகை அடங்கும்வரை காத்திருந்து வெளியே வந்தாள். இனி ருசி பார்க்கலாம். ஹலீமா பிண்டாங்கை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"சிவகாமி, உப்பு எங்கடி?"

சிவகாமசுந்தரி வீட்டுக்கு மூத்தவளான நாத்தனார் பொன்னம்மாவைப் பார்த்தாள். "படையலாச்சே, நீங்க போட்டிருப்பீங்கன்னு..."

"கடைச் சமையலாச்சே, உன் கைதான்னு நான் சும்மா இருந்துட்டேன்!"

பொன்னம்மா ஓடிப்போய்க் குழம்புக்கு உப்பிட்டாள். சூடான தேங்காய்ப்பாலில் உப்பைக் கரைத்துச் சோற்றின் மேல் தெளித்துக் கிளறினாள். வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நடராஜன் உள்ளே எட்டிப் பார்த்தார். "பரிமாறலாமா?"

சிவகாமசுந்தரி கரண்டியைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பெரியவர்களுக்கு உப்பில்லாச் சோறு போட்டுவிட்டு ஊருக்கு ருசியாகப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"இன்னொரு இலை போடணும் அண்ணே. கால் மணி நேரம்."

"அம்மா, செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. பசியோட நிக்கறவன் கோவிச்சுப்பான்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையைக் கழுவினாள். நடராஜன் தலையைச் சொறிந்தபடி வெளியே போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். யாரும் கேளாமலே ஹலீமா ரோஜா சர்பத்தைக் கலக்கி, வெயிலில் நின்றவர்களுக்கு ஒவ்வொரு குவளையாகக் கொடுத்துக்கொண்டு போனாள்.

சிவகாமசுந்தரி உள்ளே, குழம்பை ருசி பார்த்துவிட்ட குறையைப் பொறுக்க வேண்டிக்கொண்டு, புது இலையில் சோற்றை வைத்தாள். வெளியே முணுமுணுப்பு கிளம்பும், இரண்டு பேராவது திரும்பிப் போவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். யாரோ உரக்கச் சிரித்தார்கள். உடனே ஓர் அதட்டல் கேட்டது.

"ஷ்! சத்தம் போடாதீங்கய்யா. பெரியவங்க சாப்பிடறாங்க."

சேதுராமனின் குரல்.

பிறகு சத்தமே இல்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் தமக்கு உறவே இல்லாத யாரோ சிலர் உண்டு முடிக்கட்டும் என்று கால் கடுக்க நின்றார்கள். கடவுள் வந்து நிற்பதற்கு அந்தப் பொறுமை விட்ட இடம் போதும்.

சாம்பிராணி அடங்கியது. சிவகாமசுந்தரி கதவைத் திறந்தாள். முதல் கரண்டியைச் சேதுராமன் இலையில்தான் போட்டாள். அவர் பிண்டாங்கை மூன்று முறை கேட்டு வாங்கினார்.