திட்டு வாங்காதவன்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கிரேன் பழுது பார்க்க வந்த சீனர்களில் ஜோ மூத்தவர். காலையில் வேலைக்கு முன் கொட்டகைக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கைகளை அசைத்துக்கொண்டிருப்பார். எலெக்ட்ரீஷியன் தளவாய் ஒருநாள் விளையாட்டாக அவரைத் தள்ளிப் பார்த்தான். அடுத்த நொடி கம்பி வேலியோரம் கிடந்தான். ஜோ கையை ஓங்கியதுகூட இல்லை. அன்றிலிருந்து தளவாய்க்கு அது வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

அதன் பெயர் தைச்சி, சீனத் தற்காப்புக் கலை. பூங்காவில் தொப்பை குறைக்க ஆடுவது வெளித்தோல், உள்ளே இருப்பதைச் சீடனுக்கு மட்டும்தான் தருவார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் ஷிஜா சொன்னாள். சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவள். மருத்துவம் வரவில்லை, சீனம் வந்தது.

"மண்டியிட்டு சாயா கொடுக்கணும், சேட்டா. அவர் குடிச்சா நிங்க சீடன்."

தளவாய் தினமும் போனான். கூட லீ என்ற வெல்டரும் நின்றான், ஜோவின் ஊர்க்காரப் பையன். அவன் என்ன செய்தாலும் ஜோ கத்தினார். கால் முட்டி உள்ளே சாய்ந்தால் மூங்கில் குச்சியால் கெண்டைக்காலில் போட்டார். தளவாயைப் பார்த்ததும் முகம் மலரும். "ஹாவ், ஹாவ்" என்பார். நன்று, நன்று.

"பாவம், மண்டூகம்," என்று லீயைக் காட்டி ஷிஜாவிடம் சிரித்தான் தளவாய். "எனக்கு இதுவரை ஒரு திட்டு உண்டா?"

ஷிஜா லீயின் சிவந்த கெண்டைக்காலைப் பார்த்தாள்.

ஆரியசாலை வீட்டில் தளவாயின் மனைவி சீதாலக்ஷ்மி அவன் முட்டியில் தைலம் தேய்த்தாள். "தேங்கா மாதிரி வீங்கியிருக்கு. போகாதீங்கோ."

"சக்தி எறங்குதுடி. அப்பிடித்தான் இருக்கும்."

ஜோவின் ஒப்பந்தம் முடிந்தது. விமான நிலையத்துக்கு வண்டி வந்து நின்றது. எல்லோரும் பார்க்க, தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டான். பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேநீரை இரு கையாலும் நீட்டினான். ஜோ வாங்கிக்கொண்டார். "ஹாவ், ஹாவ்" என்றார். பிறகு கோப்பையை அப்படியே வண்டி டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் ஊதி ஊதிக் குடித்தான்.

"கேளு ஷிஜா. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேளு."

அவள் கேட்டாள். ஜோ பொறுமையாகப் பதில் சொன்னார்.

"உங்க முட்டு உள்ள சாயுதாம், சேட்டா. முதல் நாளே கண்டாராம்."

"பின்ன ஏன் சொல்லல?"

"விருந்தாளியோட தப்ப சொல்றது மரியாதை இல்லையாம். திட்டும் அடியும் சீடனுக்கு உள்ளது. லீ போன வருஷமே சாயா கொடுத்தாச்சு."

"நானா விருந்தாளி? இது என் ஊருல்லா! வந்தவரு அவருல்லா!"

ஷிஜா அதை மொழிபெயர்க்கவில்லை. ஜோ அவனைத் தூக்கி நிறுத்தி, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

முட்டியின் சவ்வு தேய்ந்துவிட்டது. கிரேன் ஏற முடியாதவனைக் கம்பெனி வைத்துக்கொள்ளவில்லை. தளவாய் வீட்டு மொட்டை மாடியில் வகுப்பு தொடங்கினான். ஜோவோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினான். சாலைக் கடைத்தெரு முதலாளிகள் தொப்பையோடு வந்தார்கள், பேசினார்கள், போனார்கள்.

ராகேஷ் மட்டும் போகவில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிறவன். வகுப்பு முடிந்தும் தனியாக நின்று பழகுவான். அவன் கண்ணில் இருந்த பசியைத் தளவாய்க்குத் தெரியும்.

ஒரு காலையில் ராகேஷ் தாழ்ந்து நின்றான். வலது முட்டி உள்ளே சாய்ந்திருந்தது.

"மாஸ்டரே, இது சரிதானே? முட்டுல ஒரு வேதன வருது."

தளவாய் நாற்காலியில் இருந்தான். ஊன்றுகோல் கையிலேயே இருந்தது. எட்டி ஒரு தட்டு தட்டினால் போதும், முட்டி நேராகிவிடும்.

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"கொள்ளாம்," என்று சிரித்தான். "நல்லா வருது மக்கா. இன்னும் கொஞ்சம் தாழ்ந்து நில்லு."