ஆயா மகளின் இலை

மழலையர் வகுப்புச் சுவரில் பழுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய மரம் ஒன்று இருந்தது. அன்பு மரம் என்று டீச்சர் பேர் வைத்திருந்தாள். கடைசி மணிக்கு முன்னால் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, இன்று தங்களிடம் யார் அன்பாக இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பேரைப் பச்சை இலையில் எழுதி டீச்சர் ஒட்டுவாள்.

முதல் நாள் பாதிப் பிள்ளைகள் "ஆயா" என்றார்கள். மூக்கைத் துடைப்பது, கழுவி விடுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தானே.

"ஆயா செய்யறது வேலைடா செல்லங்களா. அன்புன்னா அது ஃப்ரெண்ட்ஸுக்குள்ள," என்றாள் டீச்சர்.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஆயாவும் தலையாட்டினாள்.

அவள் மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள். கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்ட தலைமையம்மா ஒரே நிபந்தனை போட்டிருந்தாள்: கேட்டுக்குள் வந்தால் அம்மா என்று கூப்பிடக் கூடாது. மற்றப் பிள்ளைகளைப் போல ஆயாதான். தொடையில் கிள்ளிக் கிள்ளித்தான் ஆயா அதைப் பழக்கினாள். மகள் பிறகு ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

மூன்று வாரமாயிற்று. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் பொம்மை கொடுத்தவளுக்குப் பதினோரு இலை. ஆயா மகளுக்கு ஒன்றுமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ரப்பரைக் கொடுத்து, பாதி ரப்பரோடு வீட்டுக்கு வருகிற பிள்ளை அவள். வெள்ளிக்கிழமை பெற்றோர் வருவார்கள். அவரவர் இலைக்குக் கீழே நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள்.

"இன்னைக்காவது எனக்கு இலை வருமாம்மா?" கேட் வரைக்கும் தினமும் இதே கேள்விதான்.

"என்ன ஆயா, உன் பொண்ணு மட்டும் மொட்டை மரமா?" என்று வேன் டிரைவர்கூடச் சிரித்தான்.

ஆயா டீச்சரிடம் கேட்டுப் பார்த்தாள். "நீங்களே ஒண்ணு ஒட்டிடக் கூடாதா டீச்சர்?"

"அது ஏமாத்து இல்லையா ஆயா? குழந்தைங்க மனசுலேர்ந்து வரணும்."

வியாழக்கிழமை மத்தியானம், எதற்கெடுத்தாலும் அழுவதால் சிணுங்கி என்று பேர் வாங்கிய சிறுமி உடுப்பிலேயே ஆய் போய்விட்டாள். யாருக்கும் தெரியாமல் ஆயா அவளைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போய்க் கழுவி, வேறு உடுப்பு மாட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஆயா."

"சொல்லுவேனா கண்ணு? நீ ஒண்ணு செய். இன்னைக்கு வட்டத்துல என் பொண்ணு பேரைச் சொல்லு."

"அவ என்ன செஞ்சா?"

"தண்ணி குடுத்தான்னு சொல்லு, போதும்."

சிணுங்கி சொன்னாள். டீச்சர் பச்சை இலையை எடுத்தாள். ஆயா மகள் எழுந்து நின்றாள்.

"நான் தண்ணி குடுக்கலையே டீச்சர்."

டீச்சர் சிணுங்கியைப் பார்த்தாள். "அப்புறம் ஏம்மா பொய் சொன்ன?"

சிணுங்கி ஓவென்று அழுதாள். "ஆயாதான் சொல்லச் சொன்னாங்க. இல்லேன்னா நான் ஆய் போனதைச் சொல்லிடுவாங்க."

அப்படி மிரட்டவில்லை என்று ஆயா சொன்னது, வகுப்பே சிரித்த சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. டீச்சர் கைதட்டிச் சிரிப்பை அடக்கினாள்.

"பாத்தீங்களா? உண்மை பேசறதும் அன்புதான். இந்த இலை இவளுக்கு."

மகளின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அன்று சாயங்காலமே தலைமையம்மா ஆயாவை மாடிக் கழிப்பறைகளுக்கு மாற்றினாள். வகுப்புப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றாள்.

வெள்ளிக்கிழமை, வந்தவர்களின் செருப்புச் சேறு தாழ்வாரமெல்லாம் அப்பிக் கிடந்தது. வேறு ஆள் இல்லாததால் அதைத் துடைக்க ஆயாவையே அனுப்பினார்கள். ஜன்னல் வழியே மரம் தெரிந்தது. மகள் தன் ஒற்றை இலைக்குக் கீழே விறைப்பாக நின்றாள்.

"பாப்பா, உங்கம்மா எங்க? வந்து பக்கத்துல நிக்கச் சொல்லு," என்றான் போட்டோக்காரன்.

மகள் ஜன்னலைப் பார்த்தாள். ஆயாவின் கையில் மாப் அப்படியே நின்றது.

"அம்மா வரல அங்கிள்," என்றாள் மகள். அவள் கை தொடையைத் தடவிக்கொண்டது.