டெல்ஃபினாவின் விரிப்பில் விழுந்த தூசு

போ என்னும் ஆற்றின் கரையில் கூரைத்தகடு வார்க்கும் சிமென்ட் ஆலைக்குள் எர்மினியா ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. ஆனாலும் ஆலையின் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார்த் தூசு அவள் நுரையீரலைச் சுற்றிப் புற்றாகக் குடியேறிவிட்டது. புருஷன் பியெரீனோவின் வேலை உடுப்பைத் துவைத்ததில் வந்த வினை. ஆலையிலேயே சலவைக்கூடம் இருந்தது. ஆனால் ஊரான் உடுப்போடு தன் புருஷன் உடுப்பு ஊறுவதா என்று அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு கௌரவம். வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, முற்றத்தில் உதறி, துவைத்துக் காயப்போட்டார்கள்.

நஷ்டஈட்டு அலுவலகத்தில் அந்தக் கௌரவத்துக்குத்தான் சாட்சி கேட்டார்கள். பியெரீனோ போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பார்த்தவர்களில் மிச்சமிருந்தவள் பக்கத்து வீட்டு டெல்ஃபினா ஒருத்திதான். இருவருக்கும் பேச்சு நின்று இருபது வருஷம் இருக்கும்.

எர்மினியா ஒரு டப்பா க்ரூமிரி பிஸ்கட்டோடு போய்க் கதவைத் தட்டினாள். படியேறியதில் மூச்சு இரைத்தது.

"அடடே, வழி தவறி வந்துட்டியா?" என்றாள் டெல்ஃபினா.

"சாட்சி சொல்ல வரணும்டி. அவர் உடுப்பை வீட்டுல நான்தான் துவைச்சேன்னு."

"அதைத்தானே அன்னைக்கே தொண்டை கிழியக் கத்தினேன்! உன் புருஷன் தூசு பூராவும் என் வெள்ளை விரிப்பு மேலன்னு. நீ என்ன சொன்னே? 'உன் வீட்டு அழுக்கை என் தலையில கட்டாதே'ன்னே."

"சொன்னேன்."

"தெருவே கேட்டுச்சு. இப்பவும் தெரு கேக்கணும், நான் சொன்னதுதான் நெசம்னு. அப்புறம் வரேன்."

"பாதித் தெரு கல்லறையில கெடக்குடி. மீதிக்குச் சொன்னாப் போதுமா?"

டெல்ஃபினா சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பாவை வாங்கி உள்ளே வைத்தாள். பேரம் படிந்தது. எர்மினியா மாடிமுகப்பில் நின்று, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "டெல்ஃபினா சொன்னதுதான் நெசம்! தூசு என்னோடதுதான்!" என்று கத்தினாள். ரொட்டிக்கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

அலுவலகத்தில் டெல்ஃபினா வெளுத்து வாங்கினாள். எந்தக் கொடி, எந்தப் பக்கத்துக் காற்று, எர்மினியா எப்படி ஓங்கி ஓங்கி உதறுவாள், ஒன்றையும் விடவில்லை.

"போதும். உங்க கேஸ் நிக்கும்," என்று அதிகாரி எர்மினியாவிடம் சொன்னார். பிறகு டெல்ஃபினா பக்கம் திரும்பினார். "அந்த விரிப்பையெல்லாம் நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது? நானும் நல்லா உதறி எடுத்துட்டுப் போய் அதுலதான் படுத்தேன்."

"நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

டெல்ஃபினா எர்மினியாவைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் எர்மினியா. "டாக்டர்கிட்ட இவளுக்கு நாள் வாங்கிக் குடுங்க. தூசு விழுந்ததுக்கு நான் சாட்சி."