மீதி வினாடிகள்

திங்கட்கிழமை காலை பிஸ்கட் தொழிற்சாலையின் தரையில் முழங்கால் உயரத்துக்குப் பிஸ்கட் குவிந்து கிடந்தது. அடுப்பிலிருந்து பிஸ்கட்டைச் சுமந்து வரும் பெல்ட் பட்டை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, பொட்டலம் கட்டும் இயந்திரமோ வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தது. இருபது நிமிடம் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கேண்டீனில் ஒருவருடைய பிறந்தநாளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓடி வந்த அடுப்புக்காரர் சறுக்கி விழுந்து, குவியலின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாகிறதா இருந்தா இப்படித்தான்யா சாகணும்" என்றார், ஒன்றைக் கடித்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர. பட்டையை ஓட்டும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். நாளெல்லாம் கண்ணாடி அறைக்குள் பேசாமல் உட்கார்ந்திருப்பதால் அங்கே அவளுக்குப் பேர் ஊமைக்கோட்டான். சுருக்கமாகக் கோட்டான். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அடுப்புக்கு ஒரு புரோகிராம், பொட்டல இயந்திரத்துக்கு ஒரு புரோகிராம். ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாது. செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். 'ஒரு தட்டு வருகிறது' என்று அடுப்பு சொல்லும். 'வாங்கிக்கொண்டேன்' என்று பொட்டலம் பதில் சொல்லும். பத்து வினாடிக்குள் பதில் வரவில்லையென்றால் பட்டையை நிறுத்திவிட வேண்டும். இதை அவள் தன் கையாலேயே எழுதியிருந்தாள். திங்களன்று பொட்டல இயந்திரத்தில் தாள் சிக்கியது, பதில் வரவில்லை. அதுவரை சரி. பட்டை ஏன் நிற்கவில்லை?

"சனிக்கிழமை காலையில ஒன்பதரைக்கு ஓட்டிக் காட்டணும்" என்றார் மேனேஜர்.

"ம்" என்றாள்.

வீட்டிலும் ஒரு பதில் பாக்கி இருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்பு அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "மூணாவது மாடி டிரைவரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். உனக்கு எப்படி இருக்கு?"

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். யாருக்காகவும் நிற்காதவர் என்று அந்தப் பகுதியில் பேர் வாங்கியவர். கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருபவரைக் கண்ணாடியில் பார்த்தபடியே கதவைச் சாத்துவார். அம்மாவையே இரண்டு தடவை அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாவது தடவை நாற்பது வினாடி நின்றார். "நாற்பது செகண்டுடி! அந்த மனுஷன் வாழ்க்கையில நடக்காதது" என்று அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

"ஒரு மாசம் குடும்மா. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் மகள்.

இருபத்து மூன்றாவது நாள் மாடிப்படியில் அவருடைய சிரிப்பு கேட்டது. மனசு கலைந்து, இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று தோன்றியது. அடுத்தாற்போல் அலமாரிக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குடை கிடைத்தது. மறுபடி ஒரு மாதம். இதற்கிடையில் அம்மாவும், "என்னடி, ஆச்சா?" என்று வாரம் ஒரு தடவை கேட்டு வைப்பாள். அதற்கும் ஒரு மாதம். டிரைவர் மீது அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. 'சரி' என்று சொன்னால் அப்பா இன்னொரு தடவை வாசலைத் தாண்டிப் போவார் என்று ஓர் எண்ணம்.

புதன்கிழமை, புரோகிராமை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"கோட்டான், கண்டுபிடிச்சாச்சா?"

"இல்லண்ணே."

போனார். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி தலை.

"இப்ப?"

"இல்லண்ணே."

நான்காவது தடவை அவள் நாற்காலியைத் திருப்பிவிட்டாள். "அண்ணே, நீங்க கேக்குற ஒவ்வொரு தடவையும் நான் முதல் வரியிலேர்ந்து படிக்க வேண்டியிருக்கு. இப்படியே கேட்டுட்டிருந்தா ஆயுசுக்கும் நான் கடைசி வரிக்குப் போக மாட்..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன, ஆந்தை இப்படி முழிக்குது?"

"தராசு" என்றாள்.

பட்டையின் ஓரத்தில் ஒரு தராசு இருந்தது. நான்கு வினாடிக்கு ஒரு தடவை, 'நான் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறேன்' என்று ஒரு செய்தி போடும். அதுவும் பொட்டலத்தின் பதில் வந்து விழுகிற அதே பெட்டியில்தான் விழும். அடுப்பின் புரோகிராம் அதை எடுத்துப் பார்க்கும். 'எனக்கு வேண்டியது இது இல்லை' என்று ஒதுக்கிவிட்டுத் திரும்பக் காத்திருக்கும். மிச்சமிருக்கும் ஆறு வினாடி இல்லை, புதிதாகப் பத்து வினாடி. அது முடிவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். பத்து வரை எண்ணச் சொன்ன குழந்தையை நாலில் நாலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அது எப்போது பத்தைத் தொடும்?

"அடப்பாவி தராசே!" என்றார் அடுப்புக்காரர். பிறகு யோசித்துவிட்டு, "அதுமேல என்ன தப்பு? உயிரோட இருக்கேன்னு சொன்னது ஒரு குத்தமா?" என்றார்.

"அதுமேல தப்பு இல்லண்ணே. காத்திருந்த லட்சணம்தான் தப்பு."

திருத்தம் ஆறே வரி. காத்திருக்க ஆரம்பிக்கும்போதே எப்போது முடிக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் எது வந்தாலும், அந்த முடிவுக்கு இன்னும் எவ்வளவு மீதி என்று பார்த்து, அந்த மீதிக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். எழுதி முடித்தபோது அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான், சாயங்காலம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள். அம்மாவின் கை பாதியில் நின்றது.

"இரு இரு. அந்தத் தராசு நான்தானே?"

மகள் ஒரு பட்டாணியை விரலால் உருட்டினாள்.

"ஏழு மாசமா 'ஆச்சா, ஆச்சா'ன்னு நானே உன்னைத் திரும்பத் திரும்ப முதல் நாளுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கேன். நல்லா இருக்குடி." அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, இதைச் சொல்லு. பத்து செகண்டு ஆகியும் பதில் வரலேன்னா உன் புரோகிராம் என்ன நினைச்சுக்கும்? மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"இல்லம்மா. தெரியலைன்னுதான் அர்த்தம். பதில் வழியில வந்துட்டிருந்தாலும் இருக்கும். ஆனா தெரியாதப்ப என்ன செய்யணும்னு முன்னாடியே எழுதி வெச்சுடணும். அங்க, பட்டைய நிறுத்துறது."

"எனக்குப் பட்டைய நிறுத்துற உத்தேசம் இல்ல" என்றாள் அம்மா.

பட்டாணித் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். பிறகு, "சனிக்கிழமை பத்து மணி. அதுக்குள்ள நீ சரின்னு சொன்னா, பதிவு ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்து நீ போடுற. வேண்டாம்னு சொன்னா உக்காந்து பேசலாம். ஒண்ணுமே சொல்லலேன்னா நான் போயிட்டே இருப்பேன். கையெழுத்தை ரெண்டாவது மாடி தையல்காரம்மா போடுவா" என்றாள்.

"எந்தக் கடிகாரத்துல பத்து மணி?"

நியாயமான கேள்விதான். சமையலறைக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். அம்மா அவசரத்துக்குத் தகுந்தபடி முள்ளை முன்னும் பின்னும் திருகுவாள்.

"அவரோட பஸ்ல. நம்ம ஸ்டாப்புல பத்துக்கு எடுப்பாரு. கடைசி ஸ்டாப் பதிவு ஆபீஸ் வாசல். அதோட அவருக்கு டூட்டி முடியுது. அந்தக் கடிகாரத்தை நானும் திருக முடியாது, நீயும் திருக முடியாது."

வியாழன் போனது, வெள்ளி போனது. அம்மா கேட்கவே இல்லை. மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனால் முடிவு சனிக்கிழமை என்று குறித்தாகிவிட்டதால், அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது. நன்றாகவே சிரிக்கிறார் என்றுகூடத் தோன்றியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அப்பாவின் குடையை எடுத்து விரித்துப் பார்த்தாள். ஒரு கம்பி உடைந்திருந்தது. மழைக்கு ஒதுங்கி நிற்பவர் யாரானாலும் கூப்பிட்டுக் குடையைக் கொடுத்து அனுப்பும் மனிதர் அப்பா. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கத் தெரியாது. மூன்றாவது மாடிக்காரர் நனைந்து நின்றிருந்தால் அவருக்கும் கொடுத்திருப்பார். குடையை மடக்கியபோது, அப்பா வாசலைத் தாண்டிப் போவார் என்ற எண்ணம் போய்விட்டிருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் அவள் கிளம்பும்போது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிட வேலைதானே, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று சைக்கிளை மிதித்தாள்.

ஒன்பதரைக்கு ஆரம்பிக்க வேண்டியது ஒன்பது முப்பத்தைந்துக்கு ஆரம்பித்தது. பொட்டல இயந்திரத்தை வேண்டுமென்றே அணைத்தார்கள். தராசு தன் பாட்டுக்கு 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாரும் சத்தமாக எண்ணினார்கள். எட்டு, ஒன்பது, பத்து. பட்டை நின்றது. கடைசி பிஸ்கட் ஒன்று விளிம்பில் பாதி தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, விழாமல் நின்றது. அடுப்புக்காரர் விசில் அடித்தார்.

"அஞ்சு நிமிஷம், இதை எனக்கு ஒரு தடவை விளக்கிடும்மா" என்றார் மேனேஜர். விளக்கினாள்.

"எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம்" என்றாள் பொட்டலப் பிரிவு அக்கா. அவளுக்கும் விளக்கினாள்.

"அஞ்சே அஞ்சு நிமிஷம், எல்லாரும் நின்னு ஒரு போட்டோ" என்று யாரோ சொன்னார்கள்.

"முடியாது" என்றாள்.

தொழிற்சாலையே திரும்பிப் பார்த்தது. கோட்டான் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் பத்து மணிக்கு ஒரு இடத்துல இருக்கணும். வர்றவங்க எல்லாருக்கும் புதுசா அஞ்சு நிமிஷம் குடுக்க என்கிட்ட இல்ல. மீதி பதினோரு நிமிஷம். சைக்கிள்ல போகவே பத்தாகும்."

"அப்ப இங்க நின்னு ஏன் கணக்குச் சொல்ற? ஓடு!" அடுப்புக்காரர் ஒரு பை பிஸ்கட்டை அவள் கையில் திணித்துத் தள்ளிவிட்டார்.

போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அம்மாவின் போன் சமையலறையில் கிடக்கும். அம்மா வெளியே போனாலும் அது போகாது.

தெருமுனையைத் திரும்பியபோது பேருந்து நின்றுகொண்டிருந்தது. அம்மா நீலப் புடவையில், ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றாள். தையல்காரம்மா உள்ளே ஜன்னலோரம் பட்டுக் கட்டிக்கொண்டு, கையில் பேனாவோடு தயாராக இருந்தாள். டிரைவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது செகண்டு இருக்கு" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

சைக்கிளோடு வந்து படியில் மோதி நின்றாள். மூச்சு வாங்கியது. "ம்" என்றாள்.

"அது பத்தாதுடி."

"சரிம்மா. முழுச் சம்மதம். கையெழுத்து நான்தான் போடுவேன்."

பேருந்தே கைதட்டியது. அம்மா அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். கண் மட்டும் நனைந்திருந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

"பத்து" என்று வண்டியை எடுத்தார் டிரைவர். "இந்தத் தடவை ஒரு செகண்டுகூட லேட் இல்ல."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்று தையல்காரம்மா பேனாவை ஆட்டினாள்.

"சாட்சி கூட ஒருத்தர் இருந்தா நல்லதுதானே. இதைச் சாப்பிடுங்க" என்று அம்மா பிஸ்கட் பையைப் பிரித்து நீட்டினாள். பை வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

மகள் டிரைவருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அவரை இதுவரை எப்படியும் கூப்பிட்டதில்லை. வாயைத் திறந்தாள், ஒரு வார்த்தையும் வரவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னை என்னன்னு கூப்பிடறதுன்னுதானே? ஒரு மாசம் எடுத்துக்கோம்மா" என்றார். "நடுவுல கேக்க மாட்டேன்."

"இன்னைக்குத் தேதிய நான் குறிச்சு வெச்சுக்கறேன்" என்றாள் அம்மா பின்னாலிருந்து.