பழைய வீட்டிலேயே நின்ற நீலப் புள்ளி

போன் ரிப்பேர் பார்ப்பவளின் வீட்டுக்காரரே போனை எடுக்காவிட்டால் எரிச்சல் வராதா என்ன? மூன்றாவது முறையும் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் எரிச்சல் போய்ப் பயம் வந்தது. மனுஷனுக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். சாப்பிட்டாரா என்று கேட்காமலே கடைக்கு வந்துவிட்டாள். வீடு மாறி நாலு நாள்தான் ஆகிறது, அந்த அமளியில் புத்தி எங்கே நிலையாக நிற்கிறது!

போனில் வரைபடத்தைத் திறந்தாள். அவருடைய நீலப் புள்ளி பழைய வீட்டின் மேல் நின்றது.

"சாவி குடுக்கணும்னு அண்ணன் சொல்லிட்டிருந்தாரே அண்ணி, அங்கதான் போயிருப்பாரு" என்று கடையில் கூட இருந்த நாத்தனார் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. இடப்பக்கம் பழைய வீடு, வலப்பக்கம் புது வீடு. பின்னால் உட்கார்ந்திருந்தவள் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். அடியில் ஒரு வரி: வைஃபை இணைப்பு, 'கேட்டுட்டு வா'. வீட்டு வைஃபைக்கு அவர் வைத்த குசும்புப் பெயர்.

"வலப்பக்கம் திருப்பு."

"ஐயோ அண்ணி, மேப்பு இடப்பக்கம் காட்டுது!"

"மேப்பு கெடக்கட்டும். அந்த வைஃபை பெட்டி புது வீட்டுல இருக்கு. நான்தான கழட்டி எடுத்துட்டு வந்தேன்!"

கடைக்கு வருகிறவர்களிடம் அவள் நாள் தவறாமல் சொல்வதுதான். செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றின் செய்தியும் எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, போன் தன் இடத்தைக் கணக்குப் போடும். வீட்டுக்குள் அந்தச் செய்தி சரியாக எட்டாது. அப்போது பக்கத்து டவரையும் வைஃபை பெட்டியையும் துணைக்கு அழைக்கும். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. பெட்டி வீடு மாறினாலும், பட்டியலுக்கு அது தெரிய நாளாகும். ஊருக்கெல்லாம் சொன்னவளுக்குத் தன் வீட்டு விஷயத்தில் உறைக்க ஒரு சிவப்பு விளக்கு தேவைப்பட்டது.

புது வீட்டில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே, சுவரில் சாய்ந்து கிடந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தாலும் பேச்சு குழறியது. ஊசிக்குப் பிறகு சாப்பிடாததில் சர்க்கரை இறங்கிவிட்டது. நல்லவேளை, விழுங்க முடிந்தது. சர்க்கரைத் தண்ணீரை மெல்லக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

"கடைய மூடிட்டா வந்த?" என்றார்.

நாத்தனாருக்கு உயிர் வந்தது. போனை நீட்டிச் சிரித்தாள். "அண்ணி, இதப் பாருங்க. இப்ப நீங்களும் பழைய வீட்டுலதான் இருக்கீங்க."

நிஜம்தான். பூட்டிக் கிடக்கும் அந்தக் காலி வீட்டின் மேல் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அங்க போய்க் கதவத் தட்டிட்டு நின்னிருப்பேனே!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.