படம், படம், படம்

புயலுக்கு மிரண்டு ஓடிய புல்கா மறுநாளும் வீடு திரும்பவில்லை. எலிஹியோவுக்குக் குளிர்ந்த டெரெரே மூலிகைப் பானம் கூடத் தொண்டையில் இறங்கவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாத தனிக்கட்டை அவர். அந்த வீட்டில் இன்னொரு மூச்சு என்றால் அந்த நாய்தான்.

பராகுவேயின் தென்கோடியில் இருக்கும் அந்தச் சிற்றூருக்கென்று ஓர் இணையக் குழு உண்டு. மழையில் ஒதுங்கிய நாய்களைக் கட்டிவைத்தவர்கள் அதில் வரிசையாகப் படம் போட்டிருந்தார்கள். எலிஹியோவின் கைபேசி எழுத்தையெல்லாம் வாசித்துக் காட்டும். படம் வந்தால் மட்டும் அதற்கு வாய் அடைத்துவிடும்.

"படம். படம். படம்," என்றது.

இதில் எது புல்கா? பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. "என் வெள்ளை நாயைக் காணோம்," என்று எழுதினார். வெள்ளை என்பதும் வெளியூரில் இருக்கும் தங்கை சொல்லித் தெரிந்ததுதான்.

குழுவை நடத்தும் கசாப்புக்கடை தெல்மிராவிடமிருந்து பதில் வந்தது: "எலிஹியோ அண்ணே, ஊரே செம்மண்ணுல குளிச்சுக் கெடக்கு. வெள்ளைக்கு எங்க போறது? எங்கிட்ட மாட்டுனதும் செவலதான். படத்தப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன் தாயி. எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு," என்று எழுதினார் எலிஹியோ. பிறகு, "கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாத்து எழுதுங்க. எனக்கு அதுதான் படம்."

கிண்டலாக எடுத்துக்கொள்வார்களோ என்று நினைத்தார்.

பிறகு கைபேசி வாசிக்கத் தொடங்கியது. "முதுகு முடி தேங்கா நாரு மாதிரி. வால் பாதிதான்." "காது வெத்தல மாதிரி மெலிசு, நடுங்குது." "விலா எலும்ப எண்ணலாம். பாவம், கைய நக்குது."

எலிஹியோ கைபேசியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். ஊரே தனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெறும் 'படம்' என்று கிடந்தவை ஒவ்வொன்றாக உடம்பெடுத்து அவர் கைக்குள் வந்தன. ஆனால் எதுவும் புல்கா இல்லை.

கைபேசி மணி அடித்தது. தெல்மிரா.

"அண்ணே, இருங்க. இப்பதான் கண்ண மூடுறேன். முடியெல்லாம் சேறு காஞ்சு கெட்டியா இருக்கு. காது முழுசு. தாடைக்குக் கீழ என்னமோ... மொளகு அளவுக்கு ஒரு மரு."

எலிஹியோவின் விரல் தானாக மடங்கியது. "அத லேசாச் சொறி."

தரையில் பின்னங்கால் தட்டும் சத்தம் கேட்டது. டப், டப், டப்.

"புல்கா," என்றார். தட்டுவது நின்றது. மறுமுனையில் குரைப்பு வெடித்தது.

அவர் கேட்டார்: "வெள்ளையாவா இருக்கு?"

"தெரியலண்ணே," என்றாள் தெல்மிரா. "நான் இன்னும் கண்ணத் தொறக்கல."